சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம்: மருத்துவமனையை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

முதல் குழந்தை சிசேரியனில் பிறந்தது, அடுத்ததைச் சுகப்பிரசவமாகப் பெற ஆசை என்று சொன்னால் எடுத்த எடுப்பில் மறுக்கும் மருத்துவமனைகள் குறைவு. “பார்க்கலாம்”, “முயற்சி பண்ணலாம்” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். சில இடங்களில் அந்தப் பதிலுக்குப் பின்னால் இரவும் பகலும் தயாராக ஒரு குழு இருக்கும். வேறு சில இடங்களில் 38-ஆவது வாரத்தில் “குழந்தை பெரிசா இருக்கு, எதுக்கு ரிஸ்க்” என்று அதே வாய் சொல்லும். இந்த இரண்டையும் ஐந்தாம் மாதத்திலேயே பிரித்து அறிந்துகொள்ள முடியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் முதல் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கட்டடத்துக்குள் யார் விழித்திருக்கிறார்கள்? டாக்டர் எவ்வளவு அன்பானவர், அறை எவ்வளவு வசதி, வீட்டுக்கு எவ்வளவு பக்கம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். காரணம், தழும்பு உள்ள கருப்பையில் வரக்கூடிய ஆபத்தின் தன்மை அப்படி.

கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறி ஒரே ஒரு சிசேரியன் ஆனவர்கள் வலி எடுத்துப் பிரசவிக்க முயலும்போது, பழைய தழும்பு பிரிய, அதாவது அந்த இடத்தில் கருப்பை கிழிய, ஏறக்குறைய 200-இல் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 2004-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில் முயன்ற 17,898 பெண்களில் 124 பேருக்கு, அதாவது 0.7 சதவீதம் பேருக்கு, அப்படி நேர்ந்தது. அதே ஆய்வில் முயன்றவர்களில் 73 சதவீதத்துக்கும் சற்று மேற்பட்டோர் சுகமாகவே பிரசவித்தார்கள். பொதுவாகச் சொல்லப்படும் வெற்றி விகிதம் 60 முதல் 80 சதவீதம். முன்பு ஒரு முறையாவது சுகப்பிரசவம் ஆகியிருந்தால் அது 85 முதல் 90 வரை ஏறும். நாள் குறித்து மறுபடியும் சிசேரியன் செய்துகொண்டால் தழும்பு பிரியும் ஆபத்து 10,000-இல் இரண்டுக்கும் கீழே போய்விடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆக, ஆபத்து சிறியது. ஆனால் வந்தால் நிமிடக் கணக்கில் வேலை நடக்க வேண்டும். பத்தில் ஏழு பேருக்கு அதன் முதல் அறிகுறி குழந்தையின் இதயத் துடிப்பு தடுமாறுவதுதான். பிரசவ வலிக்கு நடுவே தாய்க்குத் தனியாக எதுவும் தெரியாமலே போகலாம். அவசர சிசேரியனுக்கு முடிவெடுத்து 30 நிமிடத்துக்குள் கத்தி வைக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. தழும்பு பிரிந்தவர்களை மட்டும் பார்த்த ஆய்வுகளிலோ, சுமார் 18 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பாதிப்பு மிகக் குறைவாக இருந்தது. வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் மயக்க மருந்து டாக்டர் எழுந்து, சட்டை மாட்டி, வண்டி எடுத்து வந்து சேர அந்த நேரம் போதாது.

மருத்துவமனைகளின் விதி எவ்வளவு தூரம் முடிவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததே சாட்சி. 1996-இல் அங்கே சிசேரியன் ஆனவர்களில் 28 சதவீதம் பேர் அடுத்த குழந்தையைச் சுகப்பிரசவத்தில் பெற்றார்கள். அவசர சிசேரியனுக்கான குழு ‘உடனடியாக’ கிடைக்க வேண்டும் என்று 1999-இல் அங்குள்ள மகப்பேறு மருத்துவர் அமைப்பு சொன்னது. அந்த ஏற்பாடு இல்லாத பல மருத்துவமனைகள் இனி இங்கே முயற்சியே கிடையாது என்று கதவைச் சாத்தின. 2006-இல் அந்த விகிதம் 8.5 சதவீதம். பத்தே ஆண்டில் பெண்களின் உடல் மாறிவிடவில்லை. அதே அமைப்பு 2010-இல் தன் வாசகத்தைத் தளர்த்தியது. மருத்துவமனையில் என்ன வசதி உண்டு, என்ன இல்லை என்பதைத் தாயிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும், விதியைக் காட்டி ஒருவரைச் சிசேரியனுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. இந்த வெளிப்படையான பேச்சை நீங்களும் எதிர்பார்க்கலாம், கேட்டும் வாங்கலாம்.

முதலில் கையில் இருக்க வேண்டிய காகிதம்

எந்த மருத்துவமனையில் போய் நின்றாலும் முதல் சிசேரியனின் டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும். முடிந்தால் ஆபரேஷன் குறிப்பும். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே கருப்பையில் எப்படிக் கீறினார்கள் என்று சொல்ல முடியாது. உள்ளே கீழ்ப்பகுதியில் குறுக்குக் கீறல் என்றால் பேச்சைத் தொடரலாம். மேல்பகுதியில் நெடுக்காகவோ, ஆங்கில ‘T’ வடிவிலோ கீறியிருந்தாலும், முன்பே ஒரு முறை கருப்பை பிரிந்திருந்தாலும், இப்போது நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக்கொண்டிருந்தாலும் சுகப்பிரசவ முயற்சி கூடாது. அப்போது எந்த மருத்துவமனை என்ற ஒப்பீட்டுக்கே இடமில்லை. நல்ல அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்தில் நாள் குறித்துக்கொள்வதுதான் சரி.

முதல் சிசேரியன் ஏன் நடந்தது என்பதும் அந்தக் காகிதத்தில் இருக்கும். குழந்தை தலைகீழாகத் திரும்பாததால் செய்தது என்றால் அந்தக் காரணம் இந்த முறை திரும்ப வராமல் போகலாம். கருப்பை வாய் முழுக்கத் திறந்தும் குழந்தை இறங்காமல் செய்தது என்றால் வாய்ப்பு சற்றுக் குறைவு. குறைவுதான், இல்லவே இல்லை என்று அர்த்தமல்ல. இரண்டு பிரசவங்களுக்கு நடுவே 18 மாதத்துக்கும் குறைவான இடைவெளி இருந்தால் தழும்பு பிரியும் ஆபத்து கூடுகிறது. இந்த மூன்று தகவலையும் கேட்காமலே “ஓகே, நார்மல் பண்ணிடலாம்” என்று சொல்லும் டாக்டரை விட, கேட்டுவிட்டுத் தயங்கும் டாக்டரை நான் அதிகம் நம்புவேன்.

எந்த வகை இடம்?

மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய மருத்துவமனையில் என் இரண்டு மணிக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் திருப்தியாக இருக்கும். பணியில் மகப்பேறு மருத்துவர்கள் இருப்பார்கள், மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருப்பார், இரத்த வங்கி அதே வளாகத்தில் இருக்கும், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கும். வெளியிலிருந்து சிக்கலாகி வருபவர்களைப் பார்த்துப் பழகிய கைகள் என்பதால் இதயத் துடிப்புத் தாளில் ஒரு சரிவைக் கண்டதும் என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

அங்கே குறை வேறு இடத்தில் இருக்கிறது. மாதா மாதம் பார்த்த டாக்டர் பிரசவத்தன்று இருக்க மாட்டார். பணி மாறும்போது உங்கள் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். கூட்டம் அதிகமான பிரசவ அறையில் ஒரு நர்ஸ் பல பேரைக் கவனிக்க வேண்டியிருக்கும். தழும்பு உள்ளவர்களுக்கு வலி வலுத்ததிலிருந்து குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பதுதான் பரிந்துரை. கருவி வாங்கி வைத்திருப்பதும், அது உங்கள் வயிற்றில் மாட்டப்பட்டு யாரோ ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல. இன்னொன்றும் உண்டு. பெரிய இடம் என்பதாலேயே ஆபரேஷன் தியேட்டர் காலியாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருவருக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொருவருக்கு அவசரம் வந்தால் இரண்டாவது மேசை உண்டா என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

தனியார் பன்னோக்கு மருத்துவமனைகளை ஒரே வகையாகப் பேச முடியாது. சிலவற்றில் கல்லூரி மருத்துவமனைக்கு நிகரான இரவுப் பணிக் குழு இருக்கிறது. அதோடு உங்கள் டாக்டரே பிரசவத்துக்கு வருவார், கணவரோ அம்மாவோ கூட இருக்கலாம், வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிட்யூரல் ஊசி கேட்டால் கிடைக்கும். இப்படி அமைந்தால் அதை விட நல்ல இடம் இல்லை. வேறு சிலவற்றிலோ வரவேற்பறை பளபளக்கும், மயக்க மருந்து டாக்டர் ‘ஆன் கால்’. அதாவது வீட்டில் இருப்பார், கூப்பிட்டால் வருவார். பகலில் இந்த இரண்டு மருத்துவமனைக்கும் வித்தியாசமே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இரவில்தான் தெரியும். ஆகவே பெயரையும் கட்டடத்தையும் விட்டுவிட்டு, மயக்க மருந்து டாக்டர் இரவில் உள்ளேயே தங்குகிறாரா, இரத்தம் எங்கிருந்து வர வேண்டும், என் டாக்டர் வெளியூரில் இருந்தால் யார் பார்ப்பார், அவருக்கும் இதில் சம்மதமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால் அந்த மாற்று டாக்டரை நேரிலேயே ஒரு முறை சந்தித்துவிடுவது நல்லது. தயக்கமுள்ள ஒரு மாற்று டாக்டர், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பிரசவத்தை நள்ளிரவில் சிசேரியனாக முடித்துவிடலாம்.

ஓரிரு டாக்டர்கள் நடத்தும் சிறிய நர்சிங் ஹோம் பலருக்கு மனதுக்கு நெருக்கமான இடம். முதல் ஆபரேஷன் அங்கேயே நடந்திருக்கும், தழும்பைப் பற்றி அந்த டாக்டரை விட நன்றாக அறிந்தவர் இல்லை. ஆனால் மயக்க மருந்து டாக்டர், இரத்தம், குழந்தை மருத்துவர் மூவரும் வெளியிலிருந்து வர வேண்டிய இடத்தில் இந்த முயற்சியைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். பொறுப்பான சிறு மருத்துவமனை டாக்டர்கள் பலர் இதைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். அந்த மறுப்பில் கோபப்பட ஒன்றுமில்லை. மாதாந்தரப் பரிசோதனையை அவரிடமே வைத்துக்கொண்டு, பிரசவத்துக்கு அவர் கைகாட்டும் பெரிய இடத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம்.

வீட்டிலோ, ஆபரேஷன் வசதி இல்லாத தனிப் பிரசவ மையத்திலோ முயல்வது கூடாது. வழிகாட்டு நெறிகளும் ஆபரேஷன் வசதியுள்ள இடத்தைத்தான் சொல்கின்றன, என் கருத்தும் அதுவே. அங்கே போக விரும்பும் பெண்கள் தேடுவது என்ன என்பதும் எனக்குப் புரிகிறது: கூடவே ஒரு மனுஷி, நடக்கவும் நிற்கவும் சுதந்திரம், சும்மா சும்மா கை வைத்துப் பார்க்காத மரியாதை. பிரசவம் முழுக்க ஒருவர் கூடவே இருந்தால் சிசேரியன் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் பெரிய மருத்துவமனைக்குள்ளேயே மிட்வைஃப் (பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற செவிலியர்) பிரிவு இருக்கிறதா, உடன் இருக்க ஒருவரை விடுவார்களா, கண்காணிப்புக் கருவியை மாட்டியபடியே எழுந்து நிற்க முடியுமா என்று விசாரியுங்கள். இரண்டு நல்ல மருத்துவமனைகளுக்கு நடுவே தடுமாறினால் இதை வைத்து முடிவெடுக்கலாம்.

‘சரி’ என்பதோடு வரும் நிபந்தனைகள்

வசதியில் இரண்டு இடங்கள் சமமாக இருந்தால் விதிகளை ஒப்பிட வேண்டும். “வலி தானாக வந்தால் சரி, 40 வாரம் தாண்டினால் சிசேரியன்” என்பது பல இடங்களில் உள்ள விதி. தேதி தாண்டினால் வெற்றி வாய்ப்பு குறையலாம் என்பது உண்மை. ஆனால் தேதி தாண்டிய ஒரே காரணத்துக்காக முயற்சியையே கைவிட வேண்டும் என்று முக்கிய வழிகாட்டு நெறிகள் சொல்லவில்லை. 41 வாரம் வரை கண்காணித்துக் காத்திருக்கும் இடத்துக்கும் 39 முடிந்ததும் நாள் குறிக்கும் இடத்துக்கும் உங்கள் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. ஏனென்றால் நிறையப் பேருக்கு வலி வருவதே அந்த இரண்டு வாரத்தில்தான்.

அடுத்து வலி வரவைப்பது. மருந்து கொடுத்து வலியைத் தொடங்கினாலோ கூட்டினாலோ தழும்பு பிரியும் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகிறது. இதைக் கேட்டதும் வலி வரவைக்கவே மாட்டோம் என்று சொல்லும் மருத்துவமனைதான் பாதுகாப்பானது என்று தோன்றலாம். அப்படி இல்லை. பனிக்குடம் உடைந்தும் வலி வராத ஒருவருக்கு அங்கே சிசேரியன் மட்டுமே மிஞ்சும். கருப்பை வாயில் பலூன் வைத்து மெதுவாகத் திறப்பது, வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் மருந்து டிரிப்ஸை அளந்து சிறிது சிறிதாகக் கூட்டுவது என்று நிதானமாகச் செய்யத் தெரிந்த இடம் மேல். மிசோப்ரோஸ்டால் மாத்திரையைத் தழும்புள்ளவர்களுக்கு நிறைமாதத்தில் வலி வரவைக்கப் பயன்படுத்தக் கூடாது. இதைப் பற்றிக் கேட்டு, பதிலில் தடுமாற்றம் தெரிந்தால் வேறு இடம் பாருங்கள். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

எபிட்யூரல் போட்டால் தழும்பு பிரிவது தெரியாது, அதனால் தர மாட்டோம் என்று சில இடங்களில் இன்னும் சொல்கிறார்கள். முதல் அறிகுறி இதயத் துடிப்பில் தெரிவதால், எபிட்யூரல் அதை மறைப்பதில்லை. தடையும் இல்லை. ஸ்கேனில் தழும்பின் தடிமனை அளந்து அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து மறுப்பதும் சரியல்ல. இதற்கு மேல் பத்திரம், இதற்குக் கீழ் ஆபத்து என்று எல்லோரும் ஏற்ற எல்லை எதுவும் இல்லை.

எண்ணிக்கை கேட்பது எப்படி என்று பலருக்குத் தெரிவதில்லை. “உங்க கிட்ட நார்மல் எவ்வளவு சதவீதம்” என்று கேட்டால் வரும் பதிலில் முதல் பிரசவக்காரர்கள், மூன்றாவது பிரசவக்காரர்கள் எல்லோரும் கலந்திருப்பார்கள். பிரசவங்களைப் பத்துக் குழுவாகப் பிரிக்கும் ராப்சன் வகைப்பாடு என்று ஒன்று உண்டு. எல்லா மருத்துவமனைகளும் இதையே பயன்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. அதில் ஐந்தாவது குழுதான் நீங்கள்: முன்பு சிசேரியன் ஆகி, இப்போது ஒரே குழந்தை, தலை கீழ்நோக்கி, நிறைமாதம். “ராப்சன் ஐந்தாம் குழுவில் போன வருஷம் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் முயன்றார்கள், எத்தனை பேருக்குச் சுகப்பிரசவம் ஆச்சு” என்று கேளுங்கள். முயன்றவர்களின் எண்ணிக்கை முக்கியம். ஐம்பது பேரில் ஐந்து பேரை மட்டும் முயலவிட்டு நான்கு பேருக்கு ஆனால் வெற்றி 80 சதவீதம் என்று சொல்லிக்கொள்ளலாம். கணக்கு வைத்திருக்கும் இடம் பதில் சொல்லும். வைத்திராத இடம் “நிறைய பண்ணிருக்கோம்” என்று சொல்லும்.

ஒரே ஊர், இரண்டு பெண்கள்

ஒருவருக்கு முதல் சிசேரியன் குழந்தை திரும்பாததால் நடந்தது, இப்போது மூன்று வருட இடைவெளி, எந்தச் சிக்கலும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இவருக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. இரவுக் குழு உள்ள தனியார் மருத்துவமனை, கல்லூரி மருத்துவமனை இரண்டுமே ஒத்துவரும். விதி தளர்வாகவும் உடன் ஒருவரை விடுவதாகவும் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

இன்னொருவருக்கு முதல் முறை வலி வந்து நீண்ட நேரத்துக்குப் பிறகு சிசேரியன், பிரசவங்களுக்கு நடுவே 16 மாதம்தான், சர்க்கரையும் இருக்கிறது. இவரும் முயலலாம். ஆனால் முயற்சி பாதியில் சிசேரியனாக முடிய வாய்ப்பு கூடுதல். அப்படி முடியும் சிசேரியனில் இரத்தப்போக்கும் தொற்றும், நாள் குறித்துச் செய்வதை விட அதிகம். இவருக்கு வசதியான அறை, பழகிய டாக்டர் எல்லாவற்றையும் விட இரத்த வங்கியும் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம்தான் பொருத்தம். பணி டாக்டர் மாறிக்கொண்டே இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்கும் இதையே சொல்வேன். அவர்களுக்குத் தழும்பு பிரியும் ஆபத்து 1.4 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. முயல அனுமதிக்கும் இடங்களும் குறைவு.

இன்னும் குழந்தைகள் வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கணக்கில் எடுக்க வேண்டும். நஞ்சுக்கொடி கீழே அமைந்துவிட்டால், அது தழும்புக்குள் வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து இரண்டாவது சிசேரியனின்போது 11 சதவீதம். மூன்றாவதில் 40 சதவீதம். முயற்சிக்கு இடம்கொடுக்கும் மருத்துவமனையைத் தேடி ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயணம் செய்வது இவர்களுக்கு வீண் அலைச்சல் ஆகாது. தூரம் அதிகம் என்றால் நிறைமாதத்தில் அந்த மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்க முடியுமா என்று யோசியுங்கள். வலி தொடங்கிய பிறகு நீண்ட நேரம் வண்டியில் இருப்பது தழும்புள்ளவர்களுக்கு உகந்ததல்ல.

டாக்டரா, மருத்துவமனையா என்று வந்தால்? நல்ல மருத்துவமனையில் சுமாரான ஆர்வமுள்ள டாக்டர், வசதி குறைந்த இடத்தில் மிகுந்த ஆர்வமுள்ள டாக்டர் என இரண்டே வழி இருந்தால் முதலாவதைத்தான் எடுப்பேன். ஆர்வம் இல்லாத டாக்டரிடம் பேசி, கேள்வி கேட்டு, பேசி முடித்ததைக் கோப்பில் எழுத வைக்கலாம். இல்லாத மயக்க மருந்து டாக்டரைப் பேசி வரவைக்க முடியாது. இந்தத் தேடலை 28-ஆவது வாரத்துக்குள் முடித்துவிட்டால் அவசரம் இருக்காது. 36-இல் டாக்டர் மனம் மாறினால்கூட மாற்றலாம், ஆனால் அப்போது எல்லா ஸ்கேனும் ரிப்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும்.

எட்டும் தூரத்தில் இப்படி ஓர் இடமே இல்லை என்றால், 39-ஆவது வாரத்தில் நாள் குறித்துச் சிசேரியன் செய்துகொள்வது நல்ல முடிவுதான். அதில் தோல்வி என்று நினைக்க ஒன்றுமில்லை. ஆனால் அப்போதும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நாள் குறித்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அந்தத் தேதிக்கு முன்பே வலி வந்துவிடுகிறது. அப்படி வந்து, நீங்கள் போய்ச் சேரும்போதே கருப்பை வாய் பாதி திறந்திருந்தால் என்ன செய்வார்கள், இரவாக இருந்தால் யார் செய்வார்கள் என்பதை இப்போதே கேட்டு, பதிலைக் கோப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.